ரோட்டோரத்து மான் கொல்லை

“என் மானையெல்லாம் ஆர்லன் திருடிட்டான்” என்றான் ராய்ஸ்.

காபிக் கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

“ஏன், மான் காதுல உன் பேரை எழுதி விட்டிருந்தியா?” என்று கேட்டுக்கொண்டே அவன் கோப்பையை நிரப்பினாள் கடைக்காரி டோரீன்.

“சிரி, நல்லா சிரி. வேட்டை சீசன் தொடங்கின அன்னிக்கு இருட்டோட பரண்ல ஏறி உட்கார்ந்தவன் நான். கால் மரத்துப் போச்சு. ஒரு வால் கூடக் கண்ணுல படலை.”

எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் நவம்பரில் மான் அடிக்காதவன் அடுத்த நவம்பர் வரை பேச்சு வாங்குவான். ராய்ஸுக்கு அதுதான் தாங்கவில்லை.

அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. காடு இருப்பது ஆர்லன் வீட்டுப் பக்கம். ராய்ஸின் சோயா வயல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். மான்கள் காட்டை விட்டு வெளியே வரும், ரோட்டைத் தாண்டும், சோயாவில் வாய் வைக்கும். ராய்ஸ் பரணிலிருந்து சுடுவான். காலகாலமாக இப்படித்தான் நடந்து வந்தது.

அந்த வருஷம் வசந்தத்தில் ஆர்லன் திடீரென்று காட்டோரத்தை உழுதான். சுண்ணாம்பு போட்டு, க்ளோவர் தீவனமும் டர்னிப் கிழங்கும் விதைத்து, மானுக்கென்றே ஒரு கொல்லை போட்டுவிட்டான். வாசலிலேயே விருந்து இருந்தால் மான் எதற்கு வெளியே போகும்?

“சுயநலம் பிடிச்சவன்” என்றது ஊர். நானும் தலையாட்டினேன்.

அடுத்த ஆகஸ்டில் ராய்ஸ் பதிலுக்கு இறங்கினான். அதைப் போல இரண்டு மடங்கு கொல்லை. அதுவும் ரோட்டை ஒட்டி, காட்டிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி.

விதைத்துக்கொண்டிருக்கும்போதே ஆர்லன் ரோட்டைத் தாண்டி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“இங்க வேணாம் ராய்ஸ்.”

“என் நிலம்.”

“உன் நிலம்தான், யார் இல்லேன்னா? என் பரணை எடுத்துக்க. சீசன் முழுக்க நீயே உட்காரு, நான் அந்தப் பக்கமே வரலை. இதை மட்டும் போடாதே.”

“ஏன்?”

ஆர்லன் வாயைத் திறந்தான். வயலோரத்து வீட்டின் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ராய்ஸின் மனைவி மார்லிஸ் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளை ஒரு தரம் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

“சும்மாதான் சொன்னேன்.”

ராய்ஸ் அன்று சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே இருந்தான். “வயித்தெரிச்சல் மார்லிஸ். பரணையே தர்றானாம், கேட்டியா?”

மார்லிஸ் உருளைக்கிழங்குத் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் அவளுக்கு ராத்திரி வேலை.

“இந்த வேலை வேணாம்னு எத்தனை தடவை சொல்றது?” என்றான் ராய்ஸ், வழக்கம் போல.

“அங்க இருக்கறவங்களுக்கு நான் வேணும்” என்றாள் அவளும் வழக்கம் போல.

உறைபனி விழுந்தால்தான் டர்னிப் இலை இனிக்கும். இனித்தது. மான் எவ்வளவு மேய்கிறது என்று பார்க்க, கொல்லை நடுவில் ராய்ஸ் ஒரு கம்பிக் கூண்டு வைத்திருந்தான். கூண்டுக்குள் இலை முழங்கால் உயரம். வெளியே வழித்த தரை. வருகிறவன் போகிறவனையெல்லாம் கூட்டிப்போய் காட்டினான்.

“ஆர்லன் அந்தப் பக்கம் ஈ ஓட்டிக்கிட்டிருக்கான்” என்றான் காபிக் கடையில். எல்லாரும் சிரித்தோம்.

சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் விடியற்காலை, வேலை முடிந்து திரும்பிய மார்லிஸின் கார் முன்னால், கொல்லைக்குப் பக்கத்திலேயே, ஒரு மான் பாய்ந்தது. கார் பள்ளத்தில் உருண்டது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவன் ஆர்லன்தான்.

இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி கோல் இல்லாமல் நடப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், கோட்டெல்லாம் ரத்தத்தோடு ஆர்லன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் ராய்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உன் காட்டு மான்தானே? இப்ப திருப்தியா?”

ஆர்லன் எழுந்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். படியிறங்கிப் போனான்.

அறைக்குள் மார்லிஸ் விழித்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

“அவனைத் திட்டாதே ராய்ஸ்.”

“வேற யாரைத் திட்டறது?”

“ரெண்டு வருஷம் முன்னாடி, அதே இடத்துல ஒரு மான் குறுக்கே வந்துச்சு. கார் பள்ளத்துல இறங்கிடுச்சு. எனக்கு அடி இல்லை. ஆர்லன்தான் டிராக்டரைக் கட்டி இழுத்து விட்டான். தெரிஞ்சா நீ என்னை வேலைக்கு விட மாட்டேன்னு, உன்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டேன்.”

ராய்ஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“நீ விதைக்கும்போதாவது நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கலை. அது என் தப்பு” என்றாள். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை.

பிறகு சொன்னாள்:

“மான் ரோட்டைத் தாண்டக் கூடாதுன்னு அவன் ஒரு கொல்லை போட்டான். தாண்டி வரணும்னு நீ ஒண்ணு போட்டே.”