டாக்டர் சொன்ன நடை

“மெதுவாப் போங்க, ஹார்ட்டு நின்னு பொழைச்ச மனுசன்…”

“பதினோரு நிமிசந்தானே நின்னுச்சு? அதையே ஓதாத சுந்தரி!”

டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரம், மரியஜோசப் முதன்முதலாகக் கிளியூர்க் காட்டுப்பாதையில் நடந்தார். மனைவி ஞானசுந்தரி பின்னாலேயே போனாள்.

ஐப்பசி மழையில் பாதையெங்கும் உயிருள்ள ரத்தச் சூட்டைத் தேடி நெளியும் அட்டைகள். பாறையில் உட்கார்ந்து தன் காலிலிருந்து ஒன்பதைப் பிய்த்துப் போட்டாள். அவரும் வெறும் செருப்புதான் போட்டிருந்தார். அவர் காலில் ஒன்றுகூட இல்லை.

“மாத்திரை தின்னு தின்னு ரத்தமே கசந்துபோச்சாட்டம் இருக்குது,” என்று சிரித்தார்.

புல்நுனியில் நெளிந்த அட்டையொன்றை எடுத்து அவர் கெண்டைக்காலில் வைத்தாள். அது சுருண்டு உதிர்ந்தது. அடுத்ததும் உதிர்ந்தது. அவர் சிரிப்பு நின்றது.

“காலை எடுத்துராதீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு வெச்சுப் பாத்துரலாமுங்க.”