தோள் உயரம்

பழைய ஜீப்பின் பின்சீட்டுக்கு பெல்ட் வேண்டியதில்லை என்று மெக்கானிக் ரெமிஜியஸ் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

நிருபமா மூன்றாவது தடவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேண்டும் என்றாள்.

அன்று வியாழக்கிழமை. குழந்தை இயேசு ஆலயத்துக்குப் போகிற கூட்டம் பெங்களூர் விவேக் நகர்த் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் வந்துவிட்ட வண்டியைக் கொஞ்ச நேரத்துக்கு வெளியே எடுக்க முடியாது. அதனால் ரெமிஜியஸ் விளக்கிச் சொன்னார்.

பின்சீட்டு பெல்ட் விதி புதிதாக வருகிற வண்டிகளுக்குத்தான். அதுவும் முன்னால் பார்த்து உட்காருகிற சீட்டுக்கு. இது எண்பத்தாறு மாடல் ஜீப். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சுகள். எந்தப் போலீஸ்காரரும் நிறுத்திக் கேட்க மாட்டார்.

போலீசுக்காக இல்லை என்றாள் நிருபமா.

அவள் கணவன் சுஹாஸ் பானெட்டில் சாய்ந்து நின்றிருந்தான். நண்பர்களோடு மலைப்பக்கம் சுற்றுவதற்காக அவன் வாங்கிய வண்டி அது. சிவாஜிநகரில் இரண்டு ஷெட்டுகளில் சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான்.

ரெமிஜியஸ் சிரிக்கவில்லை. குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார்.

வெறும் தகரத்தில் போல்ட்டை முடுக்கினால் ஒரே பிரேக்கில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஒரு பெஞ்சைக் கழற்றிவிட்டு, பழைய காரின் சீட் ஒன்றை முன்னால் பார்த்தபடி வைக்க வேண்டும். சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தோடு கனமான தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தோளுக்கு வருகிற பட்டையை மாட்ட ஒரு கம்பம் நிறுத்த வேண்டும். சனிக்கிழமை தருகிறேன் என்றார்.

சனிக்கிழமை ஆகாது, இன்று சாயங்காலம் வேண்டும் என்றாள் நிருபமா.

யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டார். எங்கள் பெண் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நாலரை வயது.

"பாப்பா எவ்ளோ ஒசரம் மேடம்?"

பட்டை தோளில் விழ வேண்டும். மேலே போனால் கழுத்தை அறுக்கும், கீழே இறங்கினால் நழுவிவிடும். அதற்காகத்தான் கேட்டார்.

நிருபமாவின் கை இடுப்பருகே போய் நின்றது. சுஹாஸின் கை அதைவிட நாலு விரல் மேலே நின்றது. ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தன் கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். அவன் தன் கையைக் கொஞ்சம் இறக்கினான்.

ரெமிஜியசுக்கு எரிச்சலாக இருந்தது. அவருடைய மகள் அவர் சட்டையின் மூன்றாவது பொத்தான் வரை வருவாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பெற்றவர்களுக்கு இதுகூடவா தெரியாது? ஆயா கையில் வளர்கிற பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்கூல் விட்டதும் அழைத்து வாருங்கள், ஒரு நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தால் போதும் என்றார்.

அழைத்து வர முடியாது என்றான் சுஹாஸ்.

அப்படியானால் அவள் போடுகிற கவுன் ஒன்றாவது எடுத்து வாருங்கள் என்றார்.

நாலு கவுன் இருக்கிறது என்றாள் நிருபமா. ஆனால் நாலும் கடைக் கவரிலேயே இருக்கிறது, அளவு சரியாக இருக்குமா என்று தெரியாது.

ரெமிஜியஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

அவள் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள். உயரம் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர் என்று இருந்தது. தேதி, போன வருஷம் மார்ச்.

"அவளை ரெண்டு தடவைதான் பாத்திருக்கோம். ரெண்டு தடவையும் மேஜைக்குப் பின்னாடி உக்காந்துண்டு படம் வரைஞ்சுண்டிருந்தா. எழுந்துக்கவே இல்ல. நாளைக்குக் கார்த்தால மைசூர் ஹோமுக்குப் போய்க் கூட்டிண்டு வரோம்."

டாக்ஸி எடுத்துக்கொள்ளலாம் என்று தான் சொல்லிப் பார்த்ததாகச் சுஹாஸ் மெதுவாகச் சொன்னான். இவள் கேட்கவில்லை. முதல் தடவை வீட்டுக்கு வருகிறவளுக்கு, வண்டியில் அவளுக்கென்று ஒரு இடம் இருக்க வேண்டும் என்கிறாள்.

குடும்பத்தோடு சாயங்காலப் பூசைக்குப் போவதாக இருந்த ரெமிஜியஸ், வீட்டுக்குப் போன் செய்து நீங்கள் போய் வாருங்கள் என்றார். மேடையில் ஏற்றி வைத்திருந்த வேறொரு வண்டியை இறக்கி ஓரமாகத் தள்ளினார். வெல்டிங்கை அவரே உட்கார்ந்து செய்தார். தகடு சூடு ஆறியதும் சீட்டைப் பிடித்து, தன் முழு பலத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பட்டையை மாட்டுவதற்குக் கம்பத்தில் ஒரு துளை போதும். அவர் ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது துளைகள் போட்டார்.

வேலை முடிந்தபோது ஆறரை மணி. நிருபமா அந்தத் துளைகளை விரலால் தொட்டு எண்ணினாள். எங்களுக்கு உயரம் தெரியாததால்தானே உங்களுக்கு இவ்வளவு வேலை என்று வருத்தப்பட்டாள்.

"அதுக்கு, கீழ இருக்கற ரெண்டு ஓட்டையே போதும் மேடம். மேல இருக்கறதெல்லாம், பாப்பா வளரும்ல."

தத்தெடுக்க அலைந்த ஒன்றரை வருஷமாக எத்தனையோ பேர் என்னென்னவோ கேட்டிருந்தார்கள். சம்பளச் சான்று, வீட்டுப் பத்திரம், உங்களுக்கு ஏன் குழந்தை இல்லை என்பது வரைக்கும். அவள் வளருவாள் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நிருபமா பின்னால் ஏறி அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். பட்டையை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே இருந்த துளையில் மாட்டித் தரச் சொன்னாள்.

அது அவள் தோளுக்குச் சரியாக இருந்தது.