மனம் மாறியவர்

செண்பகராஜ் மேடையில் நிஜமாகவே அழுதுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மைக்கை இறுகப் பிடித்தார்.

“பெத்த பிள்ளையை நாட்டுக்குக் குடுக்க யோசிக்கிறவ தாயா? சொல்லுங்க, அவ தாயா?”

கோவில்பட்டிக் கல்யாண மண்டபத்தில் விசில் பறந்தது. ‘எல்லையில் அமைதிக்கு வழி போரா, பேச்சா?’ என்று ஞாயிற்றுக்கிழமை காலைப் பட்டிமன்றம். பேச்சாளர் ஒருவருக்காகக் காத்திருந்து பார்த்து அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. விசிலடித்த முன்வரிசைப் பெரிய மனிதர்களின் பிள்ளைகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் பத்திரமாக இருந்தார்கள்.

ஏழாவது வரிசையில் ரேணுகாதேவிக்கு மட்டும் கை எழவில்லை. இடைசெவல் பக்கம் பருத்தியும் உளுந்தும் போட்டுப் பிழைக்கிறவள். புருஷன் இல்லை. ஒரே மகன் சக்திகுமார் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும். பதினெட்டு இன்னும் நிறையவில்லை, அதனால் படிவத்தில் அம்மா கையெழுத்து வேண்டும். பத்து நாளாக அவள் மாட்டேன் என்கிறாள்.

அவனை இங்கே இழுத்து வந்ததே அவள்தான். போன மாதம் விளாத்திகுளத்தில் செண்பகராஜ் பேசியது அவள் போனில் இருக்கிறது. ‘எவன் ஜெயிச்சாலும் பிள்ளையப் பறிகொடுத்தவளுக்கு விடியாது, வேண்டாம் இந்தச் சண்டை’ என்று அவர் உருகியதை நாலு தடவை கேட்டு அழுதிருக்கிறாள்.

“அவிய வாயால நேர்ல கேளுலே. அப்பவும் போறேன்னா நான் தடுக்கல” என்று சொல்லித்தான் கூட்டி வந்தாள்.

வந்து பார்த்தால் அவர் போர் அணியில் உட்கார்ந்திருக்கிறார்.

பேச்சு அணியில் கல்லூரி ஆசிரியை ப்ரியதர்ஷினி, “குண்டு விழுற ஊர்லயும் பால் குடிக்கிற பிள்ளை இருக்குமே” என்று சொல்லிப் பார்த்தாள். “உக்காரும்மா!” என்று கூட்டம் கத்தியது. எவனோ காகிதத்தைச் சுருட்டி மேடையில் எறிந்தான்.

“தாய்மார்களே, பயப்படாதீங்க!” என்று கையை உயர்த்தினார் செண்பகராஜ். “இது துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடுற காலம் இல்ல. ஏசி ரூம்ல உக்காந்து பட்டனை அமுக்குனா டிரோன் பறக்கும். அங்க ஊரே காலி. இங்க நம்ம பிள்ளை மேல ஒரு கீறல் விழாது!”

மண்டபம் அதிர்ந்தது. ரேணுகாதேவி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அப்படி அழுத மனுசனே இன்றைக்கு இப்படிச் சொல்கிறார் என்றால், எவ்வளவு யோசித்திருப்பார்! நாம்தான் ஒன்றும் தெரியாமல் பிள்ளையைக் கட்டிப் போடுகிறோமோ?

“ஏலே, பேனா வச்சிருக்கியா?”

படிவத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை திருநெல்வேலியில் ஆள் எடுக்கிறார்கள். அம்மா எப்படியும் இறங்கி வருவாள் என்று சக்திகுமார் பையோடுதான் வந்திருந்தான். அவள் நெற்றியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

நடுவர், “போருக்குப் போர், பேச்சுக்குப் பேச்சு, இரண்டும் தேவை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பின்னாலேயே எல்லோரும் போனார்கள்.

பந்தியில் செண்பகராஜ் எதிரணிக்காரர்களோடு சிரித்துப் பேசியபடி பாயசத்துக்குக் காத்திருந்தார். ரேணுகாதேவி இலைக்கு எதிரே போய் நின்று கும்பிட்டாள்.

“ஐயா, எனக்கு ஒத்தப் பிள்ளை. உங்க பேச்சக் கேட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். இந்நேரம் பஸ் கயத்தாறு தாண்டியிருக்கும்.”

“ரொம்ப சந்தோசம்மா! நீங்கதான் தாய்.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்யா. போன மாசம் சண்டையே வேண்டாம்னு அப்படி அழுதிய. எதப் பாத்து மனசு மாறுனிய? அதச் சொன்னா, பிள்ளை நெனப்பு வாரப்பல்லாம் நான் மனசத் தேத்திக்கிடுவேன்.”

செண்பகராஜ் அப்பளத்தை நொறுக்கி, இலையில் வந்து விழுந்த பாயசத்தில் போட்டார்.

“மனசா? அந்தப் பக்கம் பேச ஒரு ஆளு வரலம்மா.”