வாசலுக்கு ஒரு படகு

“நீளம் ஜாஸ்தியா இருந்தா நடுவுல அறுத்துக்கலாம். ரம்பம் இருக்குல்ல?” என்றார் அழகுசுந்தரம், பழைய கதவைத் தட்டிப் பார்ப்பதுபோல் படகின் விலாவைத் தட்டியபடி.

தொண்டிக் கரையில் பழைய படகுகளை வாங்கி விற்கும் மாயக்கண்ணனுக்கு முகம் சுருங்கியது. “இருக்கு செட்டியாரே. ஓடுற படகை எதுக்கு அறுக்கணும்?”

“காரைக்குடியில எங்க வீட்டை ஓட்டலாக்கியிருக்கோம். வாசல்ல ஒரு படகு நின்னா, வர்றவுக போட்டோ எடுத்துக்கிருவாக.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி மீனலோசனி கடலைப் பார்க்கவில்லை, மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே கரையில் அடுத்த ஊரில்தான் மகள் சிவரஞ்சனி இருக்கிறாள். கூடப் படித்த பாண்டிமுருகனை, கடலுக்குப் போகிற வீட்டுப் பையனை, அவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அழகுசுந்தரம் அவள் பெயரை எடுப்பதில்லை. வண்டி வண்டியாய்ச் சீர் போக வேண்டிய பெண், ஒரு கரண்டிகூட இல்லாமல் புருஷன் வீடு போயிருந்தாள்.

போன புயலில் பாண்டிமுருகனின் படகு நொறுங்கிவிட்டது. “கழுத்தளவு தண்ணியில நின்னு நண்டு வலை கட்டுறாரும்மா. அவரு கரையேறுற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. அப்பச்சிக்கிட்டச் சொல்லிறாதீக” என்று அப்பாவுக்குப் பயந்து நேற்றுக்கூடப் போனில் அழுதாள். கொல்லையில் ஒளிந்து பேசிய மீனலோசனியால் சேர்ந்து அழத்தான் முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அழகுசுந்தரம் கொல்லைக் கதவோரம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மாயக்கண்ணன் ஒரு மரப்படகைக் காட்டினான். “வாசலுக்கு இதுதான் எடுப்பா இருக்கும். பழசு, பாக்கவும் லட்சணம்.”

“மரம் வெயில்ல வெடிச்சுப்போகும். அங்குட்டுக் கிடக்கிற ஃபைபர் எப்படி?”

“அது நண்டுக்குப் போற படகு. ரெண்டு பேரு தள்ளிறலாம், ஆழமில்லாத தண்ணியிலயும் போகும். நண்டு வலை விட அதைவிடத் தோது கிடையாது.”

கேட்கக் கேட்க மீனலோசனிக்குக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் மருமகன்தான் நினைவுக்கு வந்தான். ஒருத்தனுக்குச் சோறு போடுகிற படகு, இன்னொருத்தர் வாசலில் பொம்மையாக நிற்கப்போகிறது.

“அப்ப அதையே எடுத்துக்கிறேன். எஞ்சினை ஓட்டிக் காட்டுங்க.”

“நிக்கிற படகுக்கு எஞ்சின் எதுக்குங்க?” மீனலோசனி கேட்டாள்.

“பழைய சாமான் கடை வச்சிருக்கவன் நான். கெடிகாரம் வாங்குனாக்கூட ஓடுதான்னு பாத்துத்தான் வாங்குவேன். நீ சும்மா இரு.”

மாயக்கண்ணன் கொண்டுவந்து மாட்டிய முதல் எஞ்சின் எத்தனை முறை கயிற்றை இழுத்தும் இருமிவிட்டு அடங்கியது. இரண்டாவது ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அழகுசுந்தரம் அது ஓடுவதைக் குனிந்து வெகுநேரம் கேட்டார்.

“நடுக்கடல்ல நின்னுறாதே?”

“காரைக்குடியில ஏது செட்டியாரே நடுக்கடல்!” மாயக்கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அழகுசுந்தரமும் சிரித்தார்.

மீனலோசனியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “ஏங்க, நம்ம ரஞ்சனி...”

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்கே அவள் பின்வாங்கிவிட்டாள். “ஒண்ணுமில்லைங்க” என்றாள்.

பேரம் படிந்தது. மாயக்கண்ணன் அரை மனதோடு ரம்பத்தை எடுத்து வந்தான். கூடவே ஒரு சாக்பீஸ். “எந்த எடத்துல அறுக்கணும்னு கோடு போட்டுருங்க.”

மீனலோசனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அழகுசுந்தரம் சாக்பீஸை வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். படகின் மூக்கில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது.

“ரம்பத்தை உள்ள வைங்கப்பா. மகளுக்குக் குடுக்குற சீரை யாராச்சும் அறுத்துக் குடுப்பாகளா?”