விழுந்து விழுந்து சொன்னது

ஒரு வீட்டில், மின்சாரம் அளவு மீறினால் தானாகவே கீழே விழுந்து அதை நிறுத்திவிடும் டிரிப் சுவிட்ச் ஒன்று இருந்தது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்டிருந்த மெல்லிய வயருக்கு அதுதான் காவல். அந்த வயரிலேயே ஒருநாள் வெந்நீர் ஹீட்டரையும் மாட்டிவிட்டார்கள்.

ஹீட்டர் இழுத்த இழுப்பில் வயர் கொதித்தது. சுவிட்ச் பதறிப்போய் டப்பென்று விழுந்தது. மின்சாரம் நின்றது.

“உழைக்க வலிக்குதா உனக்கு?” என்று ஹீட்டர் கத்தியது.

“எனக்கென்ன வலி? வெந்து சாகிறது வயர். உனக்குத் தனியா தடிச்ச வயர் இழுக்கணும். வேணும்னா அவனையே கேளு!”

“எனக்கு ஒண்ணுமில்லைண்ணே, சமாளிச்சுக்குவேன்” என்று வயர் சிரித்தது. அதன் மேல்தோல் அப்போதே இளகியிருந்தது.

சுவிட்சுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “பொய் சொல்லாதடா! சாகப்போறப்பவும் நல்ல பேர் வாங்கணுமா உனக்கு?”

வீட்டுக்காரர் சுவிட்சைத் தூக்கிவிட்டார். அது மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவையும் விழுந்ததும், எரிச்சலில் அதைக் கழற்றிக் குப்பைக்கூடையில் எறிந்தார். லேசில் விழாத பெரிய சுவிட்ச் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினார்.

ஹீட்டர் மும்முரமாக இழுக்கத் தொடங்கியது.

“அடேய், இப்பவாவது வாயைத் திறந்து முடியலைன்னு சொல்லித் தொலைடா!” என்று கூடைக்குள்ளிருந்து கதறியது பழைய சுவிட்ச்.

வயர் வாயைத் திறந்தது. “பரவாயில்லைண்ணே...” என்று சொல்லி முடிப்பதற்குள் சுவருக்குள்ளிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. வயர் கருகி அறுந்தது.

“என்னடா, இவ்வளவுதானா நீ?” என்றது ஹீட்டர்.