இரண்டு அங்குலம்

இறந்துபோன கணவரின் நெம்புகோல் துப்பாக்கியை எஸ்தர் தோளில் வைத்துப் பார்த்தாள். விரல் விசைக்கு எட்டவில்லை. துப்பாக்கியின் தோளில் முட்டும் மரப்பிடியில், நுனியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி சாக்பீசால் கோடு கிழித்து ஆசாரியிடம் நீட்டினாள்.

"அறுத்தா மறுபடி ஒட்டாதும்மா. ஐயா ஆசையா வச்சிருந்தது."

"காட்டுப்பன்னிங்க துக்கம் பாத்துக்கிட்டா கெழங்கத் தோண்டுது? அறுங்க."

மறுவாரம் கொழுந்தன் வந்தான். "அண்ணன் துப்பாக்கி எனக்குத்தான மதினி?" என்று உரிமையோடு எடுத்துக் குறிபார்த்தான். பெருவிரல் மூக்கில் இடித்தது. முழங்கை விலாவில் முட்டியது.

எஸ்தர் அதை வாங்கித் தோளில் வைத்தாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கைபோல அமர்ந்தது. தோட்டாவை உள்ளே தள்ளும் நெம்புகோலை ஒரே மூச்சில் இறக்கி ஏற்றினாள்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, அறுத்தெடுத்த இரண்டு அங்குல மரத்துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க அண்ணனோடது இதுதான். கொண்டுபோங்க."