காய்ப்பு

ஷில்லாங்கில் எங்கள் தெருவில் கிடார் இல்லாத வீடு கிடையாது. எங்கள் வீட்டுக் கிடார் என் கணவன் பான்தெய்லாங்குடையது. அவன் இடது கைக்காரன். வலது கை விரல்களால் கம்பியை அழுத்தி, இடது கையால் மீட்டுவான். அவன் இறந்த பிறகு, கம்பிகளை என் கைக்கேற்ப மாற்றிக் கட்டிக்கொண்டு நான் கற்கத் தொடங்கினேன். முதலாண்டு நினைவு நாளில் ஒரு பாட்டாவது வாசிப்பதாகத் தேவாலயச் சபையில் சொல்லியும்விட்டேன்.

எஃப் கார்டு என்ற சுரக்கூட்டில் நின்றுபோனேன். இடது கை ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும். இரண்டு மாதம் முயன்றும் இரண்டு கம்பிகள் ஊமையாகவே இருந்தன. கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இடது கை விரல்களின் காய்ப்பு உரிந்து, தோல் பழையபடி மென்மையானது.

நினைவு நாளுக்கு முந்தின ஞாயிறு மதியம் தங்கை இபான்ரி வந்தாள்; என்னை 'கொங்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். அவள் நீட்டிய வெற்றிலை பாக்கை வலது கையில் வாங்கினேன். அவள் என் கையை விடவில்லை.

"கள்ளி! விட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு வாசிக்கிறியா?"

"மூணு மாசமா தொடவே இல்லடி."

"அப்போ இது என்ன, கொங்?"

என் வலது கையின் நான்கு விரல் நுனிகளிலும் காய்ப்பு தடித்திருந்தது. குறுக்கே கம்பித் தடங்கள் சிவப்பாக, புதிதாக இருந்தன.

அவள் போன பின் பெட்டியைத் திறந்து, கம்பிகளை அவன் கட்டும் வரிசைக்கே மாற்றினேன். கிடாரைத் திருப்பிப் பிடித்து வலது கையால் எஃப் அழுத்தினேன். ஆறு கம்பிகளும் ஒலித்தன.

விரல்கள் அடுத்த கார்டுக்கு நகர்ந்தன. அதை நான் இன்னும் கற்கவில்லை.